அக்காவுக்கு ஒரு ஜன்னல் சீட்டு

நாற்பத்திரண்டாவது வயதில் அவருக்குத் தாத்தா என்று பெயர் வந்தது. பேரன் பேத்தி எடுத்ததால் அல்ல, மனுஷனுக்குக் கல்யாணமே ஆகவில்லை. விமானக் கம்பெனியில் அந்த மாதம் புதிதாகச் சேர்ந்த எட்டு விமானிகளில் அவர்தான் மூத்தவர். முதல் நாள் அவர் வகுப்பறைக்குள் நுழைந்ததும், பாடம் நடத்த வந்தவர் என்று நினைத்து ஏழு பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். அவர் பாட்டுக்குக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். எட்டுப் பேரில் இளையவளான இருபத்து மூன்று வயதுப் பெண்தான் முதலில் "வாங்க தாத்தா" என்றாள். பதிலுக்கு அவர் அவளைக் கடைக்குட்டி என்றார். இரண்டு பெயரும் அன்றே ஒட்டிக்கொண்டன.

அதற்கு முன் பதினைந்து வருஷம் அவர் வயல்களுக்கு மருந்து தெளித்துக்கொண்டிருந்தார், விமானத்தில்தான். மருந்துத் தொட்டிக்கு மேலே ஒரே ஒரு இருக்கை, அதில் அவர். வேறு ஆள் ஏற வழியே இல்லை. "எங்க தம்பி பிளேன்ல ஒரு எறும்புகூட ஏற முடியாது" என்று அவருடைய அக்கா அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். சிரிப்பாளே தவிர, உள்ளுக்குள் ஆசை இருந்தது. தம்பி ஓட்டுகிற விமானத்தில் ஏறி, மேலேயிருந்து தன் ஊரை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அது.

அக்கா அவரைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். அம்மா போனபோது அவருக்கு ஏழு வயது. அன்றிலிருந்து அவருக்குத் தலை துவட்டியது, கையெழுத்தைத் திருத்தியது, முதுகில் நாலு வைத்தது எல்லாம் அக்காதான். ஊரில் உள்ள சட்டைக் கம்பெனியில் முப்பது வருஷமாகச் செக்கிங் வேலை பார்த்தாள். தைத்து வருகிற சட்டையை விளக்குக்குக் கீழே விரித்து, எங்கே தையல் விட்டிருக்கிறது, எங்கே நூல் பிரிந்திருக்கிறது என்று பார்த்து ஒதுக்குவது அவள் வேலை. அவள் கண்ணுக்குத் தப்பி ஒரு சட்டை வெளியே போனதில்லை என்று கம்பெனியில் பேச்சு. அந்தக் கண்ணுக்குத்தான் நோய் வந்தது. பார்வை ஓரத்திலிருந்து மூடிக்கொண்டே வந்து, கடைசியில் ஒரு குழாய் வழியாகப் பார்ப்பது போல நடுவில் கொஞ்சம்தான் மிஞ்சியிருந்தது. தம்பிக்குப் பெரிய கம்பெனியில் வேலை கிடைத்த அதே மாதம் கண் டாக்டர் பிடிகொடுக்காமல் ஒரு கணக்குச் சொன்னார். ஒரு வருஷம், கூடிப்போனால் ஒன்றரை வருஷம்.

ஆக, தாத்தா கையில் இருந்தது ஒரு வருஷம். அதற்குள் அக்காவை ஏற்றியாக வேண்டும்.

கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. வகுப்பில் சேருகிறவர்களில் யாருக்கு வயது அதிகமோ அவருக்கு முதல் நம்பர். எந்த விமானம் வேண்டும் என்று அவர்தான் முதலில் கேட்கலாம். கடைக்குட்டி கடைசி. மூன்றாம் வாரத்தில் ஒரு அதிகாரி வந்து பலகையில் எழுதினார். பெரிய விமானத்தில் ஒரே ஒரு இடம், சின்னதில் ஏழு. பெரியது என்றால் முந்நூறு பேர் ஏறுவது, கடல் தாண்டிப் போவது. சின்னது எழுபது பேர் ஏறுவது, இறக்கையில் விசிறி சுற்றுவது. சின்னச் சின்ன ஊர்களுக்குப் போகும். அக்காவின் ஊருக்கும் தினம் இரண்டு தடவை போய் வந்தது.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அந்தத் தொழிலில் ஒரு சிக்கல் இருக்கிறது. புதிதாகச் சேருகிறவருக்கு, இந்த நாள் இந்த விமானம் என்று எழுதிக் கொடுக்கமாட்டார்கள். அவர் ரிசர்வ். யாருக்காவது காய்ச்சல் வந்தால், யாராவது வரமுடியாமல் போனால், போன் வரும். பத்து நிமிஷத்துக்குள் எடுக்க வேண்டும், ஒன்றரை மணி நேரத்துக்குள் விமான நிலையத்தில் நிற்க வேண்டும். போன் வராவிட்டால் உட்கார்ந்திருக்க வேண்டும். அவருக்குக் கீழே புது ஆட்கள் வந்து சேரச் சேரத்தான் அவர் மேலே ஏறி, சொந்த அட்டவணை வாங்க முடியும். சின்ன விமானத்தை விட்டு யாரும் நகர்வதில்லை, ரிசர்வில் இரண்டு வருஷம் கிடக்க வேண்டியதுதான் என்றார் அதிகாரி. பெரியதற்கு மாதாமாதம் ஆள் எடுக்கப் போகிறார்களாம், நாலே மாதத்தில் அட்டவணை கைக்கு வந்துவிடுமாம். எதை எடுத்தாலும் இரண்டு வருஷத்துக்கு மாற முடியாது. அதற்குப் பூட்டு என்று பெயர்.

தாத்தா நோட்டில் கணக்குப் போட்டார். பயிற்சி நாலு மாதம், ரிசர்வ் நாலு மாதம், மொத்தம் எட்டு. ஒன்பதாவது மாதம் தேதி பார்த்து, ஜன்னல் பார்த்து அக்காவை ஏற்றிவிடலாம். ஊர் தெரியாதுதான், ஆனால் கடல் தெரியும், மலை தெரியும். கடைக்குட்டி எட்டிப் பார்த்துவிட்டு, "ரிசர்வா இருந்தா என்ன தாத்தா, தினம் ரெண்டு தடவை உங்க ஊருக்குப் போற பிளேன். என்னைக்காவது ஒரு நாள் உங்களுக்கு மாட்டாமலா போயிடும்?" என்று கேட்டாள். சின்னப் பெண்ணுக்கு என்ன தெரியும் என்று அவர் தலையாட்டி வைத்தார்.

உண்மையைச் சொல்லிவிடலாம். அந்த முடிவில் பாதிதான் கணக்கு. மறுபாதி ஆசை. பதினைந்து வருஷம் பூச்சிமருந்து வாடையில் உட்கார்ந்திருந்தவருக்கு அந்தப் பெரிய விமானத்தைப் பார்த்ததும் நாக்கில் எச்சில் ஊறியது. அக்காவிடம் போனில் பேசியபோது கணக்கை மட்டும் சொன்னார், ஆசையைச் சொல்லவில்லை. "பெருசாவே எடுடா. எனக்கென்ன அவசரம்" என்றாள் அவள். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அவர் கையெழுத்துப் போட்டார்.

பயிற்சி முடிந்து, தான் இப்போது ரிசர்வில் இருப்பதாகச் சொன்னபோது அக்காவுக்கு ஒரே சந்தோஷம். அவள் புரிந்துகொண்டது வேறு. பஸ்ஸில் சீட்டு ரிசர்வ் செய்வது போல, தம்பிக்கென்று விமானத்தில் ஒரு இருக்கையை யாரும் தொடாமல் எடுத்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். சட்டைக் கம்பெனி முழுக்க அதைச் சொல்லியும் விட்டாள். மாமாதான், அதாவது அக்காவின் புருஷன், அதைத் தாத்தாவிடம் போட்டுக்கொடுத்தார். மாமா ரொட்டிக்கடையில் அடுப்படி வேலை பார்ப்பவர். விமானம் என்றாலே அவருக்குப் பயம், தனக்குத் தரையே போதும் என்பார். தாத்தா அக்காவுக்கு ரிசர்வ் என்றால் என்ன என்று ஒரு தடவை விளக்கினார். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஏதோ ஒண்ணு, உன் எடத்தை வேற யாருக்கும் குடுத்துடாம பார்த்துக்கோ" என்று முடித்துவிட்டாள். அதற்கு மேல் விளக்க அவருக்கு மனம் வரவில்லை.

அந்த இடத்தை யார் கேட்டார்கள்? அவருக்குக் கீழே ஒருவர்கூட வரவில்லை. அவர் சேர்ந்த இரண்டாம் மாதமே கம்பெனி புது ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டது. வகுப்பில் முதல் நம்பர்காரர், பெரிய விமானத்தின் பட்டியலில் கடைசி ஆள். மாதாமாதம் பட்டியல் வரும், மாதாமாதம் அடியில் அவர் பெயர் இருக்கும். சின்ன விமானத்திலோ வேறு கதை நடந்தது. நகரவே மாட்டார்கள் என்று சொல்லப்பட்ட பழைய ஆட்கள் கும்பலாக வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள். கடைக்குட்டிக்குப் பயிற்சி முடிந்து மூன்றே மாதத்தில் சொந்த அட்டவணை கிடைத்தது. வாரத்தில் நாலு நாள் அக்காவின் ஊருக்குப் போய் வந்தாள். அக்காவை நானே கூட்டிவருகிறேன் என்று இரண்டு தடவை கேட்டாள், தங்கமான பெண். அக்கா ஒற்றைக் காலில் நின்றாள். தம்பி ஓட்டினால்தான் ஏறுவாளாம். தாத்தாவும் போனில் சொல்லிப் பார்த்தார். ஆனால் அழுத்திச் சொல்லவில்லை. அக்கா மறுத்தது அவருக்கு உள்ளூரப் பிடித்திருந்தது. பின்னால் அதை நினைத்து அவர் வெட்கப்பட்டிருக்கிறார்.

விமான நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில், ரிசர்வ் விமானிகள் நாலு பேர் சேர்ந்து ஒரு அறை எடுத்திருந்தார்கள். நாலு கட்டில், நாலு சார்ஜர், கதவுக்குப் பின்னால் நாலு கொக்கி, அதில் இஸ்திரி போட்ட நாலு யூனிஃபார்ம். குளிக்கப் போகிறவர் போனைப் பிளாஸ்டிக் பையில் போட்டுச் சோப்புப் பெட்டியில் வைத்துக்கொள்வார். ஒன்பதாவது மாதம் அக்கா அந்த அறைக்கு வந்தாள். கம்பெனியில் ஐந்து நாள் லீவு கேட்டுக்கொண்டு, ஒரு பகல் முழுக்கப் பஸ்ஸில் தனியாக உட்கார்ந்து வந்தாள். தாத்தாவுக்கு வேறு வழி தெரியவில்லை. அட்டவணை வராது என்பது முடிவாகிவிட்டது. போன் வந்தால் அக்காவையும் அழைத்துக்கொண்டு ஓடலாம், காலி இருக்கை இருந்தால் குடும்பத்தாரை ஏற்றுவார்கள். ஐந்து நாளில் ஒரு போனாவது வராதா?

அறைக்காரர்கள் நல்லவர்கள், அக்காவுக்கு ஒரு கட்டிலை விட்டுக்கொடுத்துவிட்டு முறை வைத்துத் தரையில் படுத்தார்கள். அவள் புதுச் செருப்பு வாங்கி வந்திருந்தாள். காலையில் குளித்து, தலை வாரி, செருப்பைப் போட்டுக்கொண்டு, மடியில் பையை வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்காருவாள். எதிரே ஸ்டூலில் தாத்தாவின் போன். முதல் நாள் பகல் பதினோரு மணிக்கு ஒரு போன் அடித்தது. அக்கா பையோடு எழுந்து நின்றாள். அது வேறொருவர் போன். அவர் யூனிஃபார்மை மாட்டிக்கொண்டு, அக்காவின் முகத்தைப் பார்க்காமல் கிளம்பிப் போனார். இரண்டாம் நாள் இன்னொருவர் போனார். மூன்றாம் நாள் மூன்றாமவரும் போய்விட்டார். ஒவ்வொரு தடவையும் அக்கா பையோடு எழுந்து நின்றாள், ஒவ்வொரு தடவையும் பழையபடி உட்கார்ந்தாள்.

நாலாம் நாள் பொழுது போகாமல் அவருடைய யூனிஃபார்மை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் விரித்தாள். பார்வை சின்ன வட்டம்தானே, தலையை அங்குலம் அங்குலமாக நகர்த்திக்கொண்டே போனாள். இடது தோள்பட்டைக்குக் கீழே ஒரு தையல் விட்டிருந்ததைக் கண்டுபிடித்துவிட்டாள். "இத எவ செக் பண்ணி அனுப்பிச்சா?" என்று திட்டிக்கொண்டே ஊசி நூல் கேட்டாள். தாத்தா மாடிப்படியில் போய் நின்று அழுதார். அழும்போதும் போன் கையில்தான் இருந்தது.

ஐந்தாம் நாள் காலையில் அவர் எந்த ரிசர்வ் விமானியும் செய்யாத காரியத்தைச் செய்தார். டியூட்டி ஒதுக்கும் அறைக்கு அவராகவே போன் போட்டு, ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். அங்கே இருந்த பெண்மணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதினெட்டு வருஷமாக இந்த நாற்காலியில் இருக்கிறாளாம், கூப்பிடாதே என்று கெஞ்சுகிறவர்களைத்தான் பார்த்திருக்கிறாளாம். பட்டியலைப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. எல்லாரும் நலமாக இருந்தார்கள், ஒருவருக்கும் ஒரு தும்மல்கூட வரவில்லை. ஊரார் நன்றாக இருப்பதற்காக வயிறெரிந்த நாள் அவர் வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

பன்னிரண்டு மணிக்கு அக்காவைப் பஸ் ஏற்றினார். இன்னும் ஒரு நாள் தங்கச் சொன்னார், லீவு தீர்ந்துவிட்டது என்றாள். ஏறும்போது படியைக் காலால் தடவிப் பார்த்து ஏறினாள். "விடுறா. உன் ரூமைப் பார்த்தேன், யூனிஃபார்மைப் பார்த்தேன். அடுத்த தடவை பிளேன்" என்றாள். ஒன்று நாற்பதுக்குப் போன் அடித்தது. துணை விமானி ஒருவர் படியில் கால் பிசகி விழுந்துவிட்டாராம். தாத்தா ஓடினார். முந்நூறு இருக்கையில் நூறு பேர்தான் இருந்தார்கள், வரிசை வரிசையாக ஜன்னல்கள் காலியாகக் கிடந்தன. விமானம் மேலே எழும்பித் திரும்பியபோது கீழே நெடுஞ்சாலை தெரிந்தது. அதில் ஊர்ந்துகொண்டிருந்த பஸ்களில் ஏதோ ஒன்றில் அக்கா போய்க்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த கேப்டன், உடம்பு சரியில்லையா என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு இவர் கருவிகளைப் பார்த்துக்கொண்டார்.

அடுத்த தடவை வரவில்லை. எட்டு மாதம் கழித்து மாமா போன் செய்தார். சுற்றி வளைக்கத் தெரியாத மனிதர். "நேத்து டீயைக் கப்புக்கு வெளில ஊத்திட்டு உக்கார்ந்திருந்தாப்பா. மிச்சம் இருந்ததும் போயிடுச்சு" என்றார். பின்னால் அக்காவின் குரல் கேட்டது, அவன் டியூட்டியில் இருக்கும்போது இதையெல்லாம் ஏன் சொல்கிறாய் என்று மாமாவைக் கடிந்துகொண்டிருந்தாள். டாக்டர் சொன்ன ஒன்றரை வருஷம் கிட்டத்தட்ட அப்படியே பலித்துவிட்டது. தாத்தா அன்று ரிசர்வில்தான் இருந்தார், அன்று போனே வரவில்லை.

இரண்டு வருஷப் பூட்டுத் திறந்த அன்றே அவர் சின்ன விமானத்துக்கு எழுதிக் கொடுத்தார். பெரியதிலிருந்து சின்னதற்கா, இறங்கு முகமா என்று ஆளாளுக்கு மூக்கை நுழைத்தார்கள். இதில் ஒரு கொடுமை இருக்கிறது. கம்பெனி நம்பர் எந்த விமானத்துக்குப் போனாலும் கூடவே வரும். சின்ன விமானத்தில் கால் வைத்ததுமே, முதல் நம்பர்காரர் என்பதால் அவர் கடைக்குட்டிக்கும் மேலே போய்விட்டார். முதல் மாதமே சொந்த அட்டவணை, அதுவும் அக்காவின் ஊருக்கு, அதுவும் காலை விமானம். அன்றைக்கே இதை எடுத்திருந்தால் ஏழே மாதத்தில் கிடைத்திருக்கும், அக்காவின் கண்ணும் இருந்திருக்கும். பட்டியலைப் பார்த்த கடைக்குட்டிக்கு இது புரிந்தது. அவருடைய தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

அக்காவிடம் எப்படிக் கேட்பது என்றே அவருக்குத் தெரியவில்லை. அவளே கேட்டாள். "எப்போடா என்னை ஏத்தப் போறே?"

தேதி குறித்தார். இரண்டு வருஷமாக அவருக்குக் கிடைக்காத பாக்கியம், ஒரு தேதியைச் சொல்லி அதில் நிற்பது. இருக்கையையும் அவரே பார்த்துப் பதிவு செய்தார், நாலாவது வரிசை, இடது பக்கம், ஜன்னல். காலையில் அந்த ஊரிலிருந்து விமானம் வடக்கே எழும்பி, வட்டமடித்துத் திரும்பும்போது ஊர் முழுவதும் இடது பக்கம் தெரியும். இது அவருக்கு மனப்பாடம். பார்க்க முடியாதவளுக்கு எந்தப் பக்கமாக இருந்தால் என்ன என்று கேட்கலாம். அவரால் வேறு மாதிரி செய்ய முடியவில்லை, அவ்வளவுதான்.

துணைக்கு மாமாவும் ஏறினார். ஏறி உட்கார்ந்ததும் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டவர், இறங்கும் வரை திறக்கவில்லை. கண் இருந்த மனிதர் பார்க்கவில்லை என்பதை அக்கா அப்புறம் மாதக்கணக்கில் சொல்லிக் காட்டினாள்.

அன்று காலையில் காற்றுத் திசை மாறியிருந்தது. வழக்கமான பக்கம் இல்லாமல் தெற்கே எழும்ப வேண்டியதாயிற்று. அதற்கான கணக்குகள், விமான நிலையத்தோடு பேச்சு என்று தாத்தாவுக்குக் கை நிறைய வேலை. விமானம் பத்தாயிரம் அடியைத் தாண்டித் திரும்பி ஊருக்குப் பக்கமாக வந்தது. அந்த உயரத்துக்குக் கீழே இருக்கும்வரை விமானிகள் வேறு பேச்சே பேசக் கூடாது. தாண்டியதும் கேப்டன் தலையசைத்தார், தாத்தா அவரிடம் முன்பே அனுமதி கேட்டு வைத்திருந்தார். தாத்தா மைக்கை எடுத்தார். வலது இருக்கையில் இருந்த அவருடைய ஜன்னலில் ஊர் அப்படியே விரிந்து கிடந்தது. பயணிகளுக்குச் சொல்வது போலச் சொன்னார். கீழே வளைந்து போவது ஆறு, இரண்டாவது வளைவில் நீலக் கூரை போட்டிருப்பது சட்டைக் கம்பெனி, அதற்கு நாலு தெரு தள்ளிப் புகைபோக்கி தெரிகிறதே, அது ரொட்டிக்கடை, இரண்டுக்கும் நடுவில் மஞ்சள் மாடி ஒன்று இருக்கிறது, அந்த வீட்டிலிருந்துதான் தான் பள்ளிக்கூடம் போனது. இவ்வளவையும் சொன்னவர், எந்தப் பக்கம் என்று சொல்ல மறந்துபோனார்.

இறங்கியதும் படிக்குக் கீழே காத்திருந்தார். மாமா முகம் வெளிறி முன்னால் வந்தார். அக்கா கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியாகக் காலால் தடவி இறங்கி வந்தாள். அந்தப் புதுச் செருப்பு இன்னும் புதிதாகவே இருந்தது. நெற்றியில் சிவப்பாக ஒரு தடம், வழியெல்லாம் கண்ணாடியில் நெற்றியை அழுத்தி வைத்திருந்தாளாம். அவர் கையைப் பிடித்ததும் அவள் விரல்கள் யூனிஃபார்மில் மேலே ஏறி, இடது தோள்பட்டைக்குக் கீழே தான் போட்ட தையலைத் தேடிக் கண்டுபிடித்தன. அது பிரியாமல் இருந்தது.

"பார்த்தேன்டா" என்றாள். "ஆறு, நீலக் கூரை, நம்ம மாடி, எல்லாமே என் பக்கம்தான் வந்துச்சு. நல்லாத் தெரிஞ்சுது."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அத்தனையும் வலது பக்கம் போயிருந்தது. அவள் முகத்தை அழுத்தி வைத்திருந்த இடது ஜன்னலில் வெறும் வானம்தான் இருந்திருக்கும். கண் இருந்தாலும் அன்று அவள் ஒன்றையும் பார்த்திருக்க முடியாது. சொல்லிவிடலாமா என்று வாய் வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்தார்.

"தெரியாம என்னக்கா" என்றார்.

"பின்ன? ஜன்னலாப் பார்த்து, எனக்குன்னு ரிசர்வ் பண்ணி வச்சிருந்தியே" என்றாள் அக்கா. அவர் அவள் பையை வாங்கிக்கொண்டார், மூன்று பேரும் மற்ற பயணிகளுக்குப் பின்னால் மெதுவாக நடந்தார்கள்.